திரும்பி வரும் பாதை

பழைய ஜீப் ஒன்று இரவில் நிற்கிறது. பின்பக்கச் சிவப்பு விளக்குகள் இரண்டும் சரியாகவே எரிகின்றன. பிரேக்கை மிதித்தால் வலப்பக்க விளக்கு பளிச்சென்று கூடுகிறது. இடப்பக்க விளக்கோ கூடுவதற்குப் பதிலாக, அணைந்தாற்போல் மங்கிவிடுகிறது. முன்னால் போய்ப் பார்த்தால், யாரும் ஸ்விட்சைத் தொடாமலே இடது இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரியாமல் ஒரே சீராக, மங்கலாக எரிந்துகொண்டிருக்கிறது. காலை எடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி வட்டாரத்தில் கரும்புத் தோட்டத்துக்கும் மாந்தோப்புக்கும் போய்வரும் பழைய ஜீப்புகளில் இந்த மாதிரிக் கோளாறு புதிதல்ல. முதலில் பல்பை மாற்றுவார்கள். பிறகு பிரேக் ஸ்விட்ச், அதன்பின் ஃப்ளாஷர். மூன்றும் புதிதாகிவிடும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். ஏனென்றால் கெட்டது எந்தப் பொருளும் அல்ல. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு வயர் போகிறது. ஜீப்பில் பெரும்பாலான விளக்குகளுக்கு ஒன்றுதான் போகிறது. இரண்டாவது வயரின் வேலையை வண்டியின் இரும்புச் சட்டமே செய்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைச் சேசிஸில் பூட்டிவிட்டால், பல்பின் உலோக அடிப்பாகம் எங்கே சேசிஸைத் தொடுகிறதோ அங்கிருந்து மின்சாரம் இரும்பின் வழியே திரும்பிவிடும். இதைத்தான் பட்டறையில் எர்த் என்கிறார்கள். தாமிரத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு மின்தடை உள்ள உலோகம் இரும்பு. ஆனாலும் சேசிஸ் அவ்வளவு கனமாக இருப்பதால் அது நல்ல கடத்தியாகவே அமைகிறது. சிக்கல் இரும்பில் இல்லை. வயர் இரும்பைத் தொடும் இடத்தில் இருக்கிறது.

திருத்தணி மலைக்கு 365 படி என்பார்கள். ஒரு வழியாக ஏறி இன்னொரு வழியாக இறங்க வேண்டிய நெரிசல் நாளில், இறங்கும் வழி அடைபட்டால் ஏறும் வழியும் நின்றுபோகும். மின்சுற்றும் அப்படித்தான். பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், திரும்பும் பக்கம் அடைபட்டால் ஓட்டமே இல்லை. அல்லது, வேறு வழி கிடைத்தால் அதில் நுழையும்.

வேறு வழியில் நுழைவதுதான் நம் புதிரின் விடை. இடப்பக்க விளக்குக் கூட்டின் எர்த் துருப்பிடித்து அறுந்துவிட்டது. அந்தக் கூட்டுக்குள் மூன்று இழைகள் இருக்கின்றன: 5 வாட் பின்விளக்கு, 21 வாட் பிரேக் விளக்கு, 21 வாட் இண்டிகேட்டர். மூன்றுக்கும் பொதுவான முனை அந்தக் கூட்டின் உலோகம். பின்விளக்கு மட்டும் எரியும்போது, 5 வாட் இழையைக் கடந்த மின்சாரம் சேசிஸுக்குப் போக வழியில்லாமல், பக்கத்திலிருக்கும் பிரேக் இழைக்குள் பின்புறமாக நுழைகிறது. பிரேக் வயர் வழியாக வலப்பக்கப் பிரேக் பல்புக்குப் போய், அங்கே நல்ல எர்த் கிடைத்து இறங்கிவிடுகிறது. பிரேக் இழைகள் அப்போது குளிர்ந்திருக்கின்றன. டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் கனலும்போது இருக்கும் தடையில், குளிர்ந்திருக்கும்போது பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. 21 வாட் பல்பை மல்டிமீட்டரால் அளந்தால் அரை ஓம் அளவுதான் காட்டும். எரியும்போதோ 7 ஓம். ஆகவே அந்தக் குறுக்குவழியில் இழப்பு அற்பம். பின்விளக்கு நல்லபடியாகவே எரிவதுபோல் தெரிகிறது. பழுது தன்னை முழுமையாக மறைத்துக்கொள்கிறது.

பிரேக்கை மிதித்ததும் நிலைமை மாறுகிறது. பிரேக் வயருக்கே 12 வோல்ட் வந்துவிட்டது. திரும்பிப் போன பாதை இப்போது எதிர்த்து நிற்கிறது. மீதி இருக்கும் ஒரே வழி: இடப்பக்கப் பின் இண்டிகேட்டர் இழை, அதன் வயர் வழியே முன் இண்டிகேட்டர் இழை, அதன்பின் முன்பக்க எர்த். பிரேக் இழை, பின் இண்டிகேட்டர், முன் இண்டிகேட்டர் என மூன்று 21 வாட் இழைகள் வரிசையாகக் கோக்கப்பட்டுவிட்டன. 12 வோல்ட்டை மூன்றும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள, ஒவ்வொன்றுக்கும் 4 வோல்ட் அளவுதான் கிடைக்கிறது. முன் இண்டிகேட்டரின் அந்த மங்கல் வெளிச்சம் அதுதான். கூட்டின் பின்னால் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினால் மூன்று விளக்கும் ஒரே நேரத்தில் ஒழுங்குக்கு வரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விளக்குகள் ஒரே சமயத்தில் விசித்திரமாக நடந்துகொண்டால், அவை பங்குபோடும் எர்த்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இந்த ஜீப்புகள் மின்னியல் கற்க மிகச் சிறந்த பாடப்பொருள் என்பது என் உறுதியான கருத்து. மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. போர்க்கால வில்லிஸில் மின்னமைப்பு 6 வோல்ட். பின்னால் வந்த வண்டிகள் 12 வோல்ட்டுக்கு மாறின. இந்த மாற்றத்துக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: 60 வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும், 12 வோல்ட்டில் 5 போதும். ஓட்டம் பாதியானால் வயரில் வீணாகும் வெப்பம் காற்பங்காகும். அதற்குமேல் அந்த வண்டிகளில் கணினியோ சென்சாரோ கிடையாது. முழு வயரிங்கையும் ஒரே தாளில் வரைந்துவிடலாம். ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் கண்ணால் காணக்கூடிய ஓர் இடத்தில் இருக்கிறது.

எர்த் கெட்டால் விளையும் மிகக் கடுமையான கோளாறு செல்ஃபில் தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது இழுக்கும் மின்னோட்டம் 150 முதல் 300 ஆம்பியர் வரை போகும். டீசல் எஞ்சினில் மேல்வரம்பை ஒட்டியே இருக்கும். செல்ஃப் எஞ்சினோடு பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சினோ ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே தாமிர இழைகளைப் பின்னிய ஒரு தட்டைப் பட்டை போட்டிருப்பார்கள். யாராவது கியர் பாக்ஸையோ கிளட்ச்சையோ இறக்கி ஏற்றும்போது அந்தப் பட்டையைப் பூட்டாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? சாவியைத் திருப்பியதும் 200 ஆம்பியர் வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் உலோகம் வேறென்ன இருக்கிறது? ஆக்சிலரேட்டர் கேபிள், எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள். மெல்லிய இரும்புக் கம்பிகளான அவை சில நொடிகளில் தொட முடியாதபடி சுடும். மேலுறை உருகிப் புகையும். ஸ்டாப் கேபிள் புகைகிறது என்று கேபிளை மாற்றினால் புதுக் கேபிளும் புகையும். பட்டையைப் போட்டால் புகை நிற்கும், செல்ஃபும் வேகமாகச் சுற்றும்.

பட்டை இருந்தும் அதன் போல்ட் துருவின்மேல் உட்கார்ந்திருக்கலாம். அந்த இணைப்பில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்குதான் தடை என்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியர் ஓடினால் அங்கேயே 2 வோல்ட் போய்விடும்; 400 வாட் வெப்பம் ஒரு போல்ட்டின் தலையில் உண்டாகும். செல்ஃப் முக்கி முனகும். பேட்டரி வீக் என்று சொல்லிப் புதுப் பேட்டரி வாங்குவார்கள். புதுப் பேட்டரி சற்று வலுவாகத் தள்ளுவதால் சில வாரம் ஓடும், மறுபடி முனகும். நல்ல பேட்டரிகளும் நல்ல செல்ஃப் மோட்டார்களும் இப்படித் தேவையில்லாமல் கழற்றப்படுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. விவசாயியின் கையில் ஒரு பேட்டரியின் விலை சின்னத் தொகை அல்ல.

இந்த வட்டாரத்தில் இணைப்புகள் சீக்கிரம் கெடுவதற்குக் காரணங்கள் உண்டு. கோடையில் தமிழ்நாட்டின் மிகச் சூடான ஊர்களின் வரிசையில் திருத்தணியின் பெயர் தவறாமல் வரும். 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பானட்டுக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். வயர் மேலுறையான பிவிசியை வளைந்து கொடுக்கச் செய்யும் எண்ணெய்த் தன்மையுள்ள சேர்மம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. மேலுறை விறைத்து, வளைத்தால் வெடிக்கிறது. அப்புறம் மழை வருகிறது. பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலையாற்றுத் தரைப்பாலங்களில் தண்ணீர் ஏறும் நாட்களில் ஜீப் இறங்கிக் கடந்தால், பின்விளக்குக் கூடும் அதன் எர்த் போல்ட்டும் நனைகின்றன. வயர் முனையில் உள்ள தாமிர லக், இரும்பு உடல், இடையில் அழுக்கு நீர்: இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு குட்டி மின்கலமே உருவாகிவிடும். அதில் கரைந்து போவது இரும்பு. துரு மின்சாரத்தைக் கடத்தாது. இரும்பைவிடப் பருத்து, லக்கை மெல்ல மேலே தூக்கும். மேட்டுப் பாதையின் குலுக்கல் மீதி வேலையைச் செய்கிறது. அழுத்தமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்கள் நூலளவு அசைந்து அசைந்து, மேற்பரப்பு தேய்ந்து, புதிது புதிதாக ஆக்சைடு படிகிறது.

பட்டறையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் மல்டிமீட்டர் இருந்தால் பலரும் முதலில் ஓம் பக்கம் திருப்பி, வயரின் இரு முனையிலும் குத்திப் பார்ப்பார்கள். பீப் என்று சத்தம் வந்தால் வயர் நல்லது என்று தீர்ப்பு. இந்தச் சோதனையை நம்பக் கூடாது. மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது செலுத்தும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு, மில்லி ஆம்பியர் கணக்கு. அந்தச் சிறு ஓட்டத்துக்கு அறுந்து ஒற்றை இழையில் தொங்கும் வயரும் வழிவிடும். மேலும், மீட்டரின் சொந்தக் கம்பிகளுக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும். நாம் தேடும் பழுதும் அதே அளவுதான்.

0.3 ஓம் என்ன செய்யும் என்று பாருங்கள். இரண்டு 60 வாட் ஹெட்லைட்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும். அதாவது இரண்டும் சேர்ந்து 1.2 ஓம் தடை. வழியில் 0.3 ஓம் சேர்ந்தால் மொத்தம் 1.5, ஓட்டம் 8 ஆம்பியராகிறது. இழப்பு 2.4 வோல்ட். விளக்குக்குக் கிடைப்பது 9.6. ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் இழை விளக்கின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4 ஆவது அடுக்கில் மாறுகிறது. வோல்ட்டேஜ் எண்பது சதவீதமானால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். காணாமல்போன சக்தி எங்கே? அந்தக் கெட்ட இணைப்பில் 19 வாட் வெப்பமாக இருக்கிறது. ஈயம் பற்றவைக்கும் சிறு கோலின் சூட்டுக்கு நெருக்கமானது. பிளாஸ்டிக் சாக்கெட் பழுப்பாகிக் கருகியிருந்தால் அதற்குப் பொருள் இதுதான்.

ஆகவே அளக்க வேண்டியது ஓம் அல்ல, வோல்ட். அதுவும் விளக்கு எரியும்போது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள். மேலே பூட்டிய கிளாம்பில் வேண்டாம். மறுமுனையை ஹெட்லைட்டின் எர்த் டெர்மினலில் வைத்து விளக்கைப் போடுங்கள். 0.1, 0.2 என்று காட்டினால் திரும்பும் பாதை சுத்தம். 2 வோல்ட் காட்டினால் அந்த 2 வோல்ட் இரண்டு முனைக்கும் நடுவில் எங்கோ தின்னப்படுகிறது. இப்போது மறுமுனையைப் படிப்படியாகப் பேட்டரியை நோக்கிக் கொண்டுவாருங்கள்: விளக்குக் கூடு, பாடி, சேசிஸ், எர்த் கேபிளின் லக், கிளாம்ப். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் பழுது. செல்ஃபுக்கும் இதே முறைதான். உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சுழலும் அந்தச் சில நொடியில் எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் பாதையைக் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

ஓட்டம் இருக்கும்போதுதான் தடை வோல்ட்டாக வெளிப்படும் என்ற இந்த உறவை எழுதி வைத்தவர் கியோர்க் சைமன் ஓம், கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். அவருடைய நூல் 1827-ல் பெர்லினில் வெளிவந்தது. அறிஞர் உலகம் முதலில் குளிர்ச்சியாகத்தான் வரவேற்றது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்லி பதக்கம் அளித்த பிறகே பெருமை பரவியது. ஜீப் பட்டறைக்கு நெருக்கமான ஒன்று அவர் சோதனைகளில் உண்டு. அன்றைய மின்கலங்களில் ஓட்டம் நிலையாக நிற்காமல் தளர்ந்துகொண்டே போனதால் அவர் அளவுகள் குழம்பின. பொக்கெண்டார்ஃப் என்பவர் சொன்ன யோசனைப்படி, பிஸ்மத்தும் தாமிரமும் சேர்ந்த வெப்ப இரட்டையை எடுத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மூலத்தைப் பெற்றார். அதன்பிறகே விதி தெளிவாகத் தெரிந்தது. மூலம் நிலையாக இல்லாவிட்டால் சுற்றைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. எனவே வயரிங்கைத் தொடும் முன் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். செல்ஃப் சுழலும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், பேட்டரி சார்ஜ் ஆகியிருந்தும் தேறாது.

எர்த் எல்லாம் சரியாக இருந்தும் மலைப்பாதையில் வெளிச்சம் மங்கும் வண்டிகள் உண்டு. அவற்றில் டைனமோ பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1961-ல் சென்னையில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் போன்ற ஆலைகளில் இருந்து வந்த ஆல்டர்னேட்டர்கள் பரவும் முன், வண்டிகளுக்குச் சார்ஜ் கொடுத்தது டைனமோதான். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது டைனமோவின் வோல்ட்டேஜ் பேட்டரியைவிடக் கீழே கிடக்கும். பேட்டரி டைனமோவுக்குள் வடிந்துவிடாதபடி கட்-அவுட் சுற்றைத் திறந்துவிடும். கிருத்திகை நாட்களின் நெரிசலில் நகர்ந்து நின்று, நகர்ந்து நின்று போகும் வண்டியில் ஹெட்லைட், வைப்பர், பின்விளக்கு எல்லாவற்றையும் பேட்டரி ஒன்றே சுமக்கும். ஆல்டர்னேட்டர் ஐடிலிலேயே ஓரளவு தந்துவிடும். பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக டைனமோவை விடாமல் வைத்திருப்பவர்களை மதிக்கிறேன். இரவில் மலையேறும் வண்டிக்கு மட்டும் ஆல்டர்னேட்டர்தான் வேண்டும் என்பேன். ஹெட்லைட்டுக்கு ரிலே வைப்பதும் அவசியம். பழைய வண்டிகளில் 10 ஆம்பியரும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வரை வந்து, டிப்பர் ஸ்விட்சுக்குப் போய், முன்பக்கம் திரும்புகிறது. ரிலே வைத்தால் அந்த நீண்ட பாதையில் கால் ஆம்பியர் அளவே ஓடும்; கனத்த ஓட்டம் பேட்டரியில் இருந்து நேராக விளக்குக்குப் போகும்.

ஃப்யூஸ் எரிந்துகொண்டே இருந்தால் அது வேறு வகைப் பழுது: பாசிட்டிவ் வயர் எங்கோ உடைந்த மேலுறை வழியே இரும்பைத் தொடுகிறது. சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்துவிட்டுப் போவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். வயர் சூடாகும் முன் தான் உருகிவிடுவதுதான் ஃப்யூஸின் வேலை. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் இதற்கு அருமையான முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். ஃப்யூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணைப்பார்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஓட்டம் 1.75 ஆம்பியரைத் தாண்டாததால் எதுவும் கருகாது. பிறகு வயர்க் கட்டான ஹார்னஸை ஒரு முனையில் இருந்து பிடித்து அசைத்துக்கொண்டே வருவார்கள். எங்கே அசைத்தால் பல்பு சிமிட்டுகிறதோ, மங்குகிறதோ, அங்கே டேப்பைப் பிரித்தால் போதும்.

இணைப்பைச் சரிசெய்யும்போது முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்ற வேண்டும், கடைசியில் பூட்ட வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிச் சேசிஸில் பட்ட நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பேட்டரியில் இருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பொறிக்காகக் காத்திருக்கும் வாயு. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டுங்கள். புது லக்கை அதற்குரிய இடுக்கியால் அழுத்தி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன்பிறகு மேலே வாசலின் தடவுங்கள். தடவிவிட்டுப் பூட்டக் கூடாது. வயரை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது. ஈயம் வைத்த இணைப்பு வீட்டு ரேடியோவுக்கு நல்லது. குலுங்கும் வண்டியில் ஈயம் முடியும் விளிம்பில் வயர் விறைத்து, அங்கேயே ஒடிகிறது.

வளைத்த இடமெல்லாம் மேலுறை வெடிக்கிற நிலைக்கு வந்துவிட்ட வயரிங்கை ஒவ்வொரு இடமாகச் சரிசெய்வதில் பயன் இல்லை. முழு ஹார்னஸையும் மாற்றிவிடுங்கள். ஆனால் புது ஹார்னஸும் பழைய இரும்பில்தான் பூட்டப்படும். மாற்றிய அன்றே எல்லா விளக்கையும் எரியவிட்டு, ஒவ்வொரு எர்த் இணைப்பிலும் வோல்ட் இழப்பை அளந்து, தேதியோடு எழுதி ஆர்சி புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். தரைப்பாலத் தண்ணீரில் இறங்கி ஏறிய மழைக்காலத்துக்குப் பிறகு மறுபடி அளந்து பார்த்தால், எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரியும்.